டர்பனில் ஒரு மீடியம் ஃபார்மேட் வைட் லென்ஸ்: திருப்பி அனுப்பும் முன் தரத்தைச் சோதிப்பது எப்படி

நல்ல லென்ஸ் ஒன்றைக் கெட்டது என்று முடிவுகட்டித் திருப்பி அனுப்பியவன் நான். மீடியம் ஃபார்மேட், அதாவது 35 மி.மீ.யைவிடப் பெரிய ஃபிலிம் போடும் ஹாசல்பிளாட் கேமராவுக்கான 50 மி.மீ. எஃப்/4 டிஸ்டகன் என்ற வைட் (அகலக்கோண) லென்ஸ், எஃப்எல்இ (உள்ளே மிதக்கும் கண்ணாடி உள்ள) வகை. ஜப்பானில் ஒரு கடையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வரவழைத்தேன். முதல் ரோலைக் கழுவிப் பார்த்தால் நடுவில் நல்ல கூர்மை, நான்கு மூலையிலும் குழைந்த சோறு. உடனே திருப்பி அனுப்பினேன். போக வரக் கூரியர் செலவும், இங்கே கட்டிய வாட் வரியும் கையை விட்டுப் போயின. பல மாதம் சேமித்து இன்னொன்று வாங்கினேன். அதிலும் அதே மூலை, அதே குழைவு.

அதைத் தூக்கிக்கொண்டு சாட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கும் ஒரு அங்கிளிடம் போனேன். கல்யாணமும் காவடியும் சதுர நெகட்டிவில் எடுத்தே காலம் தள்ளியவர். படத்தை ஒரு முறை பார்த்தார், லென்ஸைக் கையில் வாங்கினார். “தம்பி, முன்னால இருக்கிற இந்த ரிங் எங்க நிக்குதுன்னு பாத்தீங்களா?” என்றார். அது மிகக் கிட்டத்தில் இருக்கும் பொருளுக்கான இடத்தில் நின்றது. நான் எடுத்ததெல்லாம் தூரத்துக் கட்டடங்கள்.

மூலை மங்குவதற்கு லென்ஸ் தவிர ஐந்தாறு காரணங்கள் உண்டு. அவற்றை ஒவ்வொன்றாகக் கழித்த பிறகுதான் லென்ஸைப் பழி சொல்லலாம். அதையும் திருப்பி அனுப்புவதற்கான கெடுவுக்குள் செய்து முடிக்க வேண்டும். ஊருக்குப் புதிதாக வந்து இந்த வகைக் கேமராவில் இறங்கும் நம்மவர்களுக்காக, நான் செய்திருக்க வேண்டிய வரிசையில் எழுதுகிறேன்.

1. பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

விற்பவரிடம் நான்கு படம் கேளுங்கள். லென்ஸின் முன்பக்கம், பின்பக்கம், வரிசை எண் தெளிவாகத் தெரியும் ஒரு படம், பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து முன்னாலிருந்து எடுத்த ஒரு படம். கடைசிப் படத்தைத் தரத் தயங்குகிறவரிடம் நான் வாங்க மாட்டேன். பூஞ்சையும் பனிப்படலமும் அதில்தான் தெரியும்.

அவர் மாதிரிப் படம் அனுப்பினால் எந்தக் கேமராவில் எடுத்தது என்று கேளுங்கள். பலர் அடாப்டர் போட்டு ஃபுஜி ஜிஎஃப்எக்ஸ் போன்ற டிஜிட்டல் கேமராவில் எடுத்து அனுப்புகிறார்கள். அந்த சென்சாரின் மூலைவிட்டம் சுமார் 55 மி.மீ. உங்கள் 6x6 சதுர ஃபிலிமின் மூலைவிட்டம் 79 மி.மீ. ஆகவே அந்தப் படத்தின் மூலை உங்கள் படத்தின் மூலை ஆகாது. வைட் லென்ஸின் சிரமமெல்லாம் ஒவ்வொரு மூலையிலும் உள்ள அந்தக் கடைசி 12 மி.மீ.யில்தான் இருக்கிறது.

தயாரிப்பாளர் வெளியிடும் எம்டிஎஃப் வரைபடத்தை (நுண்ணிய கோடுகளை லென்ஸ் எவ்வளவு தெளிவாகக் காட்டுகிறது என்பதன் அளவை)ப் பார்ப்பதில் தவறில்லை. டிஸ்டகனைச் செய்த சைஸ் (Zeiss) நிறுவனம் ஒரு மில்லிமீட்டருக்கு 10, 20, 40 கோட்டு ஜோடிகள் என்று மூன்று அளவில் தரும். 40 கோட்டுக்கான வளைவு ஓரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். அந்த வடிவமைப்பு புதிதாக எப்படி இருக்கும் என்பதுதான் அது. நாற்பது வருஷம் பலர் கையில் புழங்கிய உங்கள் லென்ஸ் எப்படி இருக்கிறது என்பதை அது சொல்லாது.

2. காகிதமும் செலவும்

தென்னாப்பிரிக்காவுக்குள் பொருள் வரும்போது கூரியர் நிறுவனம் உங்களிடம் பாஸ்போர்ட் அல்லது அடையாள அட்டை நகல், விற்பவர் தந்த இன்வாய்ஸ், பணம் கட்டியதற்கான சான்று ஆகியவற்றைக் கேட்கும். மூன்றையும் முன்கூட்டியே பிடிஎஃப் ஆக வைத்துக்கொள்ளுங்கள். தாமதம் பெரும்பாலும் இந்தக் காகிதங்களால்தான் வருகிறது.

வாட் 15 சதவீதம். புதிதாக வருகிறவர்கள் தவறவிடுவது, அதைப் பொருளின் விலை மீது நேராகப் போடுவதில்லை என்பதை. சுங்க மதிப்போடு 10 சதவீதம் கூட்டி, சுங்கவரி ஏதும் இருந்தால் அதையும் சேர்த்து, அந்தத் தொகை மீதுதான் 15 சதவீதம். லென்ஸ் 15,000 ரேண்ட், சுங்கவரி இல்லை என்று வைத்துக்கொள்வோம். 10 சதவீதம் கூட்டினால் 16,500. அதில் வாட் 2,475 ரேண்ட். இதற்கு மேல் கூரியர் நிறுவனம் தன் கையாளும் கட்டணத்தைத் தனியாகப் போடும். அது எவ்வளவு என்று அனுப்பும் முன்பே கேட்டு வையுங்கள்.

“மதிப்பைக் குறைத்து எழுதட்டுமா, அன்பளிப்பு என்று போடட்டுமா?” என்று சில விற்பனையாளர்கள் கேட்பார்கள். வேண்டவே வேண்டாம். சுங்கத்தில் நிறுத்திவிட்டால் நாள் ஓடும். வழியில் உடைந்தால் எழுதிய மதிப்புக்குத்தான் இன்சூரன்ஸ் கிடைக்கும்.

பொருளைத் திருப்பி அனுப்பினால் கட்டிய வாட் தானாக நம்மைத் தேடி வராது. நான் இழந்ததில் பெரிய பங்கு அதுதான். ரிப்பேருக்கு வெளிநாடு அனுப்புவதாக இருந்தாலும், அனுப்பும் முன்பே சுங்கத்தில் பதிவு செய்யுங்கள். இல்லாவிட்டால் அதே லென்ஸ் திரும்பி வரும்போது புதிதாக இறக்குமதி செய்ததைப் போல வரி கேட்கும் நிலை வரலாம்.

இந்த நாட்டிலேயே ஒரு கடையில் இணையம் வழியாக வாங்கினால் நிலைமை எளிது. 2002ஆம் ஆண்டின் மின்னணுப் பரிவர்த்தனைச் சட்டப்படி, பொருள் கைக்கு வந்த 7 நாளுக்குள் காரணம் சொல்லாமலேயே திருப்பிக் கொடுக்கலாம். திருப்பி அனுப்பும் செலவு மட்டும் நம்முடையது. பணத்தை 30 நாளுக்குள் தர வேண்டும். ஏலத்தில் எடுத்ததற்கு இது பொருந்தாது. வெளிநாட்டுக் கடையென்றால் அவரவர் கெடுவை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எப்படியானாலும் சோதனையை 7 நாளுக்குள் முடிப்பதாகவே திட்டமிடுங்கள்.

அதற்கு லென்ஸ் வரும் முன்பே இரண்டு ரோல் ஃபிலிம் வீட்டில் இருக்க வேண்டும். கழுவித் தரும் லேபிடம் எத்தனை நாள் ஆகும் என்று கேட்டிருக்க வேண்டும். இரண்டு ரோலும் கழுவும் கூலியும் சேர்த்து எனக்கு 700 ரேண்டுக்குக் கொஞ்சம் மேலே ஆயிற்று. இந்தச் செலவுக்குக் கணக்குப் பார்க்காதீர்கள்.

3. பெட்டியைப் பிரித்த அன்று மாலை

அறையை இருட்டாக்கி, லென்ஸின் அப்பர்ச்சரை (ஒளி நுழையும் துளை; எஃப் எண் சிறிதானால் துளை பெரிது) முழுதாகத் திறந்து, ஷட்டரை பி நிலையில் வைத்துத் திறந்தபடி பிடித்து, பின்னாலிருந்து போன் டார்ச்சை அடியுங்கள். நேராகப் பார்க்காமல் சற்றே சாய்த்துப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரிக் கிளை கிளையாகத் தெரிந்தால் பூஞ்சை. கண்ணாடி முழுக்க மூச்சுக்காற்று பட்டது போல இருந்தால் படலம். ஓரத்தில் வானவில் நிறத்தில் பிறை போலத் தெரிந்தால் ஒட்டிய கண்ணாடிகள் பிரியத் தொடங்கியிருக்கின்றன. இரண்டு மூன்று தூசுக்கும் ஒரு மெல்லிய கீறலுக்கும் பயப்பட வேண்டாம். படத்தில் அவை தெரியாது.

அடுத்து ஷட்டர். ஒரு வினாடியில் வைத்து அடித்துப் போனில் ஒலிப்பதிவு செய்யுங்கள். திறக்கும் ஒலிக்கும் மூடும் ஒலிக்கும் நடுவே எவ்வளவு நேரம் என்று அலைவடிவத்தில் தெரிந்துவிடும். ஒன்றரை வினாடி இழுத்தால் எண்ணெய் காய்ந்திருக்கிறது என்று பொருள். அது சர்வீஸ் செலவு. லென்ஸின் கண்ணாடிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

ஹாசல்பிளாட் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். பாடியும் லென்ஸும் இரண்டுமே காக் ஆன (அடுத்த படத்துக்கு ஷட்டரை ஏற்றி வைத்த) நிலையில் இருந்தால்தான் மாட்டவோ கழற்றவோ வேண்டும். ஒன்று அடித்த நிலையில் இருக்கும்போது பலவந்தப்படுத்தினால் இறுகிக்கொள்ளும்.

4. முன் வளையம்

அங்கிள் காட்டிய ரிங் இதுதான். பழைய 50 மி.மீ. சி வகை டிஸ்டகனில் இந்த வளையம் இல்லை. எஃப்எல்இ என்று எழுதியிருக்கும் 50லும் 40லும் உண்டு. மாமியா ஆர்இசட் 67 கேமராவுக்கான 50 மி.மீ. யுஎல்டி, 65 மி.மீ. எல்-ஏ இரண்டிலும் இதே போன்ற மிதக்கும் கண்ணாடி வளையம் உண்டு.

வைட் லென்ஸ் கிட்டத்தில் ஃபோகஸ் ஆகும்போது ஓரங்கள் கெடும். அதைச் சரிக்கட்ட உள்ளே சில கண்ணாடிகள் தனியாக நகர வேண்டும். புதிய லென்ஸ்களில் ஃபோகஸ் வளையத்தோடு சேர்ந்து அதுவும் நகர்ந்துவிடும். இவற்றில் நாம்தான் நகர்த்த வேண்டும். தூரத்தை உத்தேசித்து முன் வளையத்தை அந்த இடத்தில் வையுங்கள், பிறகு ஃபோகஸ் செய்யுங்கள். வளையத்தைத் திருப்பினால் ஃபோகஸும் கொஞ்சம் நகரும். அதனால் டிஸ்டகனில் வரிசையை மாற்றக்கூடாது. மாமியாவில் முதலில் ஃபோகஸ் செய்து, தூரத்தை அளவுகோலில் படித்து, வளையத்தை அதற்கு வைத்து, மறுபடி ஃபோகஸைச் சரிபார்க்க வேண்டும்.

தவறாக வைத்தால் வ்யூஃபைண்டரில் எதுவும் தெரியாது. நடுவில் கூர்மையாகத்தான் இருக்கும். ஃபிலிமைக் கழுவிய பிறகுதான் மூலைகள் காட்டிக்கொடுக்கும். பையில் போட்டு எடுக்கும்போதே வளையம் நகர்ந்துவிடுவதும் உண்டு. இப்போது நான் ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் இடது கட்டைவிரலால் வளையத்தைத் தொட்டுப் பார்க்கிறேன்.

5. ஃபிலிமும் மேகசினும்

50 மி.மீ. லென்ஸில் 25 மீட்டர் தூரத்துக்கும் முடிவிலிக்கும் ஃபோகஸ் வித்தியாசம், ஃபிலிம் இருக்கும் இடத்தில் அளந்தால், 0.1 மி.மீ. தான். ஃபிலிம் அந்த அளவு புடைத்தாலே தூரத்துக் கட்டடம் மங்கும். அதனால் முந்தைய நாள் இரவே ஃபிலிமைப் போட்டுச் சுற்றி வைக்காதீர்கள். மேகசினுக்குள் (ஃபிலிமைப் போட்டுக் கேமராவின் பின்னால் மாட்டும் பெட்டிக்குள்) உருளையைச் சுற்றி வளைந்து நின்ற பகுதி அடுத்த நாள் காலையில் அப்படியே புடைத்து நிற்கும். இடத்துக்குப் போய்ப் போடுங்கள், இடைவெளி விடாமல் 12 படத்தையும் எடுங்கள்.

ஹாசல்பிளாட் மேகசினின் வெளிக்கூட்டிலும் உள்கூட்டிலும் உள்ள எண்கள் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். பொருந்தாத ஜோடி எப்போதும் கெடுதல் செய்யும் என்று சொல்ல முடியாது. ஆனால் சோதனைக்குப் பொருந்திய ஜோடிதான் நல்லது. இரண்டாவது ரோலை வேறு மேகசினில் போடுங்கள். இல்லையென்றால் யாரிடமாவது இரவல் கேளுங்கள். ஏன் என்பது எட்டாவது படியில் விளங்கும்.

ஃபிலிம் நுண்ணிய மணி (கிரெய்ன்) உடையதாக இருக்க வேண்டும். இல்ஃபோர்ட் டெல்டா 100 போதும், பான் எஃப் 50 கிடைத்தால் இன்னும் நல்லது. ஒளியுணர்வு குறைந்த, மெதுவான ஃபிலிம் கேட்பதற்கு இன்னொரு காரணம் ஷட்டர். ஹாசல்பிளாட்டின் இந்த லென்ஸ்களில் அதிகபட்ச வேகம் 1/500 வினாடி. ஐஎஸ்ஓ 100 ஃபிலிமில் உச்சி வெயிலில் எஃப்/4 வைத்தால் 1/1600 தேவைப்படும். வழியே இல்லை. ஒன்று மெதுவான ஃபிலிம், அல்லது வெயில் ஏறும் முன் எடுப்பது.

6. கடற்கரையில் ஒரு காலை, 12 படம்

சோதனைக்கு நான் கண்ட சிறந்த இலக்கு டர்பன் கடற்கரையோர ஹோட்டல் வரிசை. ஜன்னல்களும் பால்கனிக் கம்பிகளும் சட்டகம் முழுக்கக் குறுக்கே ஓடும். கடற்கரை கிழக்குப் பார்த்தது. சூரியன் கடலிலிருந்து எழும். கடலுக்குள் நீளும் பாலம் ஒன்றில் நின்று நகரத்தைப் பார்த்தால் வெளிச்சம் முதுகுப்பக்கம் இருக்கும், கட்டடங்கள் மீது நேராக விழும். மாலையில் போனால் கட்டடங்கள் பின்வெளிச்சத்தில் இருண்டு நிற்கும். ஊரிலிருந்து வந்தவர்களுக்கு இன்னொன்று: இங்கே சூரியன் வடக்குப் பக்கமாகச் சாய்ந்து போகும். வேறு கட்டடம் எதையாவது தேர்ந்தெடுத்தால் வடக்குப் பார்த்த சுவரைப் பாருங்கள். குளிர்காலத்தில் தெற்குச் சுவர் நாள் முழுக்க நிழலில் கிடக்கும்.

சூரியன் எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிடுங்கள். அப்புறம் காற்று எழும், கட்டடங்களின் முன்னால் வெப்பம் அலையடிக்கும். அந்த அலையடிப்பை லென்ஸ் மங்கல் என்று எண்ணிவிடுவீர்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வானம் தெளிவாக இருக்கும். ஜனவரியின் ஈரக்காற்றில் எடுத்த படத்தை வைத்து எந்த லென்ஸையும் எடைபோட வேண்டாம். விலை உயர்ந்த சாமான். யாரையாவது துணைக்குக் கூட்டிப் போங்கள்.

ட்ரைபாட், கேபிள் ரிலீஸ், மிரரை முன்கூட்டியே தூக்கிவிடுவது, மூன்றும் கட்டாயம். பாலத்தில் ஆட்கள் நடந்தால் அதிரும். யாரும் கடக்காத நேரம் பார்த்து அடியுங்கள். ஒவ்வொரு படத்தின் எண்ணையும் அப்பர்ச்சரையும் நோட்டில் எழுதுங்கள். ஃபிலிமில் எதுவும் பதியாது.

முதல் 5 படம்: கட்டட வரிசை சட்டகத்தின் நடுவில் குறுக்காக. எஃப்/4, 5.6, 8, 11, 22. அடுத்த 2 படம்: கேமராவைக் கீழே சாய்த்து அதே வரிசையைச் சட்டகத்தின் மேல் ஓரத்துக்குக் கொண்டுவாருங்கள். எஃப்/4, எஃப்/8. அடுத்த 2 படம்: மேலே சாய்த்து வரிசையைக் கீழ் ஓரத்தில் வையுங்கள், மறுபடி எஃப்/4, எஃப்/8. கட்டடங்கள் சாய்ந்து தெரியும், பரவாயில்லை. எல்லாம் தொலைவில் இருப்பதால் கேமராவைச் சாய்ப்பதால் ஃபோகஸ் மாறாது, அதே கம்பிகள் நான்கு மூலைக்கும் வந்துவிடும். பத்தாவது படம் சூரியனைச் சட்டகத்துக்குச் சற்று வெளியே வைத்து, ஒளிச்சிதறல் பார்க்க. கண்ணை வைத்துச் சூரியனை நேராகப் பார்த்துவிடாதீர்கள். மீதி இரண்டு படத்தை அங்கிருந்து நேராகப் போய் அடுத்த படிக்குப் பயன்படுத்துங்கள்.

7. செங்கல் சுவரும் ஒரு சின்னக் கண்ணாடியும்

இந்த ஊரில் ஃபேஸ்பிரிக் என்று சொல்லும் பூசாத செங்கல் வீடு எந்தத் தெருவிலும் இருக்கும். கோடுகள் வளைகின்றனவா என்று பார்க்க அதைவிட நல்லது கிடையாது. ஆனால் கேமரா சுவருக்கு நேர் இணையாக நிற்க வேண்டும். கொஞ்சம் திரும்பியிருந்தாலும் ஒரு பக்க மூலைகள் மங்கும், நாம் லென்ஸைத் திட்டுவோம்.

இணையாக வைக்க ஒரு வழி: ஒரு சின்ன முகம் பார்க்கும் கண்ணாடியைச் சுவரோடு தட்டையாகப் படிந்து நிற்கும்படி செல்லோடேப்பால் ஒட்டுங்கள். வ்யூஃபைண்டரில் பார்த்து, அந்தக் கண்ணாடியில் உங்கள் லென்ஸின் பிம்பம் தெரிகிறதா என்று தேடுங்கள். லென்ஸின் பிம்பம் சட்டகத்தின் சரி நடுவுக்கு வரும்வரை கேமராவைத் திருப்பவும் நகர்த்தவும் செய்யுங்கள். நடுவுக்கு வந்துவிட்டால் இணை. முன் வளையத்தைச் சுவரின் தூரத்துக்கு மாற்றி, ஃபோகஸ் செய்து, எஃப்/8ல் ஒரு படம்.

கடைசிப் படம் வ்யூஃபைண்டர் திரையைச் சோதிக்க. தரையில் ஒரு அளவுநாடாவை நீளவாக்கில் விரித்து, ஒரு மீட்டர் தூரத்திலிருந்து சாய்வாகப் பார்த்து, ஒரு எண்ணில் ஃபோகஸ் செய்து எஃப்/4ல் அடியுங்கள். நெகட்டிவில் வேறு எண் கூர்மையாக இருந்தால் திரையோ மிரரோ நகர்ந்திருக்கிறது. மாமியா 7 போன்ற ரேஞ்ச்ஃபைண்டர் (லென்ஸ் வழியாகப் பார்க்காமல் தனி ஜன்னல் வழியாக ஃபோகஸ் செய்யும்) கேமராவென்றால் இந்தச் சோதனையைத் தவறவே விடாதீர்கள்.

8. நெகட்டிவைப் பார்ப்பது

ஸ்கேன் வேண்டாம். வீட்டு ஃப்ளாட்பெட் ஸ்கேனர் பெட்டியில் போட்டிருக்கும் எண்ணில் பாதிகூடப் பிரித்துக் காட்டாது. ஃபிலிம் கொஞ்சம் வளைந்தாலும் மூலை மங்கும். ஒளிப்பலகை மீது நெகட்டிவை வைத்து, 8 அல்லது 10 மடங்கு லூப்பால் (உருப்பெருக்கும் கண்ணாடியால்) பார்ப்பதுதான் நம்பத்தக்கது. ஒளிப்பலகை இல்லாவிட்டால் டேப்லெட் திரையை வெள்ளையாக்கி, அதன் புள்ளிகள் தெரியாமலிருக்க மேலே ஒரு பால்வெள்ளை அக்ரிலிக் துண்டை வையுங்கள்.

முதலில் எஃப்/8ல் எடுத்த நடுவரிசைப் படத்தின் மையம். இங்கே பால்கனிக் கம்பிகள் தனித்தனியாகத் தெரியாவிட்டால் மூலையைப் பார்த்துப் பயனில்லை. ஃபோகஸ், அதிர்வு, ஃபிலிம் புடைப்பு, இவற்றில் ஒன்று. ஒரே திசையில் கோடுகள் இரட்டையாக இருந்தால் அதிர்வு.

மையம் சரி, எஃப்/4ல் நான்கு மூலையும் ஒரே மாதிரி மென்மை, எஃப்/8 அல்லது 11ல் தெளிகிறது என்றால் அது நல்ல லென்ஸ். பெரும்பாலான வைட் லென்ஸ்கள் அப்படித்தான். எஃப்/22ல் படம் முழுக்க லேசாக மென்மையாவது ஒளியின் இயல்பு. அந்த அப்பர்ச்சரில் ஒரு புள்ளியே ஃபிலிமில் 0.03 மி.மீ. அகலத்துக்கு விரிந்துவிடும். எந்த லென்ஸாலும் தப்ப முடியாது.

கவலைப்பட வேண்டியது ஒரு பக்கம் மட்டும் மங்குவது. எஃப்/4ல் இடது மேல் மூலை மட்டும் குழைந்து, எஃப்/8லும் மற்ற மூன்றைவிடப் பின்தங்கினால் உள்ளே ஒரு கண்ணாடி மையம் விலகியிருக்கலாம். இங்கேதான் இரண்டாவது ரோல். அதே 9 படத்தை வேறு மேகசினில் எடுத்திருப்பீர்கள். மங்கல் போய்விட்டால் குற்றம் முதல் மேகசினில். போகாவிட்டால் அதே பாடியில் 80 மி.மீ. லென்ஸை மாட்டி எடுத்துப் பாருங்கள். அதிலும் அதே பக்கம் மங்கினால் பாடி கோணலாக இருக்கிறது. 80 சுத்தமாக இருந்து 50 மட்டும் மங்கினால், இப்போது லென்ஸைக் குற்றம் சொல்லலாம்.

படம் முழுக்க கறுப்பு கறுப்பாக இல்லாமல் சாம்பலாக, வெளிச்சத்தைச் சுற்றிப் பனி போல இருந்தால் மூன்றாம் படியில் கண்ட படலம்தான் காரணம். மூலை இருட்டாக இருப்பதை எஃப்/11ல் பாருங்கள். எஃப்/4ல் இருந்த இருட்டில் பெரும்பங்கு போயிருக்கும், கொஞ்சம் மிஞ்சும். மிஞ்சுவது எல்லா வைட் லென்ஸிலும் உண்டு. செங்கல் கோடுகள் ஓரத்தில் லேசாக வெளியே பிதுங்குவதும் டிஸ்டகன் வகைக்கு இயல்பு. வளைவே கூடாத கட்டட வேலை என்றால் 38 மி.மீ. பயோகன் லென்ஸ் பொருத்திய ஹாசல்பிளாட் எஸ்டபிள்யூசி கேமராவைத் தேட வேண்டும். ஓரத்தில் நிற்கும் ஆளின் முகம் அகலமாக இழுபடுவதை லென்ஸ் கணக்கில் சேர்க்காதீர்கள். அகலக்கோணத்தின் வடிவியல் அது, எந்த விலைக்கும் மாறாது.

9. முடிவு எடுக்கும் நாள்

ஐந்தாம் நாள் நெகட்டிவ் கையில் இருந்தால் ஆறாம் நாள் முடிவெடுத்துவிடலாம். திருப்புவதென்றால் கெடுவுக்குள் மின்னஞ்சலில் எழுதுங்கள், போனில் சொன்னது கணக்கில் வராது. எந்தப் படம், எந்த அப்பர்ச்சர், எந்த மூலை என்று குறித்து, லூப் வழியாகப் போனில் எடுத்த இரண்டு படத்தை இணையுங்கள். இரண்டு மேகசினில் சோதித்ததைச் சொல்லுங்கள். அப்படி எழுதினால் விற்பவர் வாதாட மாட்டார். வரிசை எண் தெரியும்படி பெட்டியில் வைக்கும்போதே ஒரு படம் எடுத்துவிடுங்கள்.

வைத்துக்கொள்வதென்றால் தோல் உறையிலிருந்து அன்றைக்கே வெளியே எடுங்கள். டர்பன் கோடையில் தோல் உறைக்குள் பூஞ்சை வளர ஒரு பருவம் போதும். இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பா, அரைக் கிலோ சிலிக்கா ஜெல், உள்ளே ஒரு சின்ன ஈரப்பத மீட்டர். முள் 40க்கும் 50க்கும் நடுவே நிற்கட்டும். 60ஐத் தாண்டினால் ஜெல்லை அடுப்பில் காயவைத்துத் திரும்பப் போடுங்கள்.